டேப்பு சரியாயிருச்சாப்பா?

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.

இது கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸுல போகும்போதோ, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடியோ நிதானமாப் படிங்க.

போன தை மாசம் பழனிக்குப் பாதயாத்திரை போனேன். காரைக்குடிப் பக்கம் பிறந்தவங்களுக்குத் தெரியும், தைப்பூசம் வந்தா எங்க ஊருக்கே கால் அரிக்கும். நகரத்தார் காவடி 400 வருஷப் பழக்கம்னு பெரியவங்க சொல்வாங்க. அவங்க பின்னாடியும் முன்னாடியும் எல்லா ஊர்க்காரங்களும், எல்லா சாதிக்காரங்களும் நடப்போம். குன்றக்குடியில சண்முகநாதரைக் கும்பிட்டுட்டுக் கிளம்பினா சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனி. நூத்தைம்பது கிலோமீட்டருக்கு மேல வரும்.

முதல் நாள் என்கூட ஒரு காலேஜ் தம்பி நடந்து வந்தான். முதல் தடவையா வர்றான். கால்ல கொப்புளம். பேசிக்கிட்டே போனா வலி தெரியாதுன்னு பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே கேட்டான்:

"அண்ணே, முருகன் பாட்டு கேட்டா எனக்கு அழுகை வந்துருது. பக்கத்துல இருக்கவங்க 'நல்ல பக்தி'ன்னு சொல்றாங்க. ஆனா எனக்குத் தெரியும், நான் முருகனை நினைச்சு அழல. எங்க தாத்தாவை நினைச்சு அழறேன். அவர்தான் அந்தப் பாட்டெல்லாம் போடுவாரு. இப்ப அவரு இல்ல, பாட்டி மட்டும்தான் இருக்காங்க. இது பக்தியில சேருமாண்ணே? இல்ல, நான் எல்லாரையும் ஏமாத்துறேனா?"

அவன் வெறுமனே கேக்கல. முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது. நானும் ஏதோ பெரிய மனுஷன் மாதிரி, "முருகன் எல்லாத்தையும் ஏத்துக்குவான்ப்பா"ன்னு சொல்லி வச்சேன். அது பதில் இல்லைன்னு எனக்கே தெரியும். அவனும் மரியாதைக்குத் தலையை ஆட்டினான்.

மறுநாள்தான் அந்தக் கேள்வி என் கழுத்துல வந்து விழுந்துச்சு.

சிங்கம்புணரிக்கு முன்னாடி ஒரு அன்னதானப் பந்தல். ஒரு மினி லாரியில ஸ்பீக்கர் கட்டி வரிசையா முருகன் பாட்டா ஓடிக்கிட்டு இருந்துச்சு. டம்ளர்ல சுக்குக் காப்பி கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டு உட்கார்ந்தேன். அப்போதான் அந்தப் பாட்டு வந்துச்சு. 'தெய்வம்' படத்துல மதுரை சோமு பாடின மருதமலைப் பாட்டு. உங்க எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பாட்டுக்கும் எங்க மண்ணுக்கும் ஒரு சொந்தம் உண்டு. படம் வந்தது 1972ல. இசை குன்னக்குடி வைத்தியநாதன், பாட்டு கண்ணதாசன். ஒருத்தர் குன்றக்குடி மலையடிவாரத்துல பிறந்தவர். இன்னொருத்தர் சிறுகூடல்பட்டிக்காரர். ரெண்டு ஊருமே காரைக்குடியில இருந்து பக்கம்தான். மருதமலை கோயம்புத்தூர்ல இருக்கு. ஆனா அந்த மலையை ஊர் ஊரா ஒலிக்க வச்ச பாட்டுல பாதி எங்க செம்மண்ணு.

அந்தப் பாட்டு கடைசியில வேகம் கூடிக்கிட்டே போகும். எல்லாரும் தாளம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நானும் போட்டேன். ஒரு இடம் நெருங்கும்போது என் உடம்பு தானா இறுகுச்சு. இப்போ பாட்டு இழுக்கப்போகுது, குரல் அப்படியே தண்ணிக்குள்ள முங்கி எந்திரிக்கப்போகுதுன்னு காது எதிர்பார்த்துச்சு. ஆனா பாட்டு சுத்தமா, எங்கேயும் இழுக்காம போயிருச்சு.

ஏன் இழுக்கணும்? நான் எதுக்கு அதை எதிர்பார்த்தேன்?

டம்ளரைக் கீழ வச்சேன். எங்க வீட்டு கேசட்டு! நாடா கசங்கின இடம்! பென்சிலை விட்டுச் சுத்திச் சுத்திச் சரிபண்ணின கேசட்டு. அந்த இடத்துல எப்பவுமே இழுக்கும். அடுத்த நொடி பரண் ஞாபகம் வந்துச்சு. ஓட்டுச் சூடு, தூசி, பழைய சாக்கு வாசம். என் கையில மூடி விரிசல் விட்ட அந்தக் கேசட்டு. கீழ இருந்து ஒரு குரல்:

"டேப்பு சரியாயிருச்சாப்பா?"

எங்க அப்பத்தா.

சொல்லிர்றேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத விஷயம். மறைச்சேன்னு சொல்ல முடியாது, எனக்கே மறந்துபோச்சு.

2008ல நான் பன்னெண்டாவது. செக்காலைப் பக்கம் சின்ன ஓட்டு வீடு. அப்பத்தாவுக்கு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருச்சு. என்னை எங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடும். சில நாள் செத்துப்போன அதோட தம்பி பேரைச் சொல்லும். சாப்பிட்ட பத்து நிமிஷத்துல "இன்னும் சோறு போடலையா"ன்னு கேக்கும். ஆனா சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரம் மட்டும் மறக்கவே மறக்காது. சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்த டேப் ரிக்கார்டர் ஒண்ணு இருந்துச்சு. அதுல முருகன் பாட்டு கேசட்டு ஓடணும். ஓடினா அப்பத்தா கூடவே பாடும். ஒரு வார்த்தை தப்பாது. என் பேரு தெரியாத கிழவி, மூணு பாட்டு முழுசாப் பாடும்.

எனக்கு அப்போ அது அதிசயமாத் தெரியல, இம்சையாத் தெரிஞ்சது. தைப்பூசம் முடிஞ்சு பரீட்சைக்கு ஒன்றரை மாசம்தான் இருந்துச்சு. ஒரே ஒரு அறை. கெமிஸ்ட்ரி ஃபார்முலா மண்டையில நிக்காது, பக்கத்துல டேப்பு. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்துல கேசட்டை எடுத்துப் பரண்ல சாக்குக்குக் கீழ போட்டுட்டேன். சாயந்தரம் அப்பத்தா கேட்டுச்சு. "டேப்பு அறுந்துபோச்சு அப்பத்தா. கடையில கொடுத்திருக்கு"ன்னேன். "அப்படியாப்பா"ன்னு பேசாம உட்கார்ந்திருச்சு.

மறுநாள் சாயந்தரம், "டேப்பு சரியாயிருச்சாப்பா?"

"இல்ல அப்பத்தா."

அதுக்கு மறுநாள், "டேப்பு சரியாயிருச்சாப்பா?"

நல்லா இருக்கிற மனுஷங்கிட்ட ஒரு பொய்யை ஒரு தடவை சொன்னாப் போதும். ஞாபகம் இல்லாதவங்ககிட்ட தினமும் புதுசாச் சொல்லணும். அவங்களும் தினமும் புதுசா ஏமாந்து போவாங்க. நேத்து ஏமாந்தது இன்னைக்குத் தெரியாது. ஒன்றரை மாசம் நான் அதைச் செஞ்சேன். பரீட்சை முடிஞ்சதும் எடுத்து வச்சிரலாம்னு நினைச்சேன். முடிஞ்சது. பசங்களோட சேர்ந்து சுத்தினதுல மறந்துட்டேன். அப்புறம் ரிசல்ட்டு, கவுன்சிலிங், சென்னை. அந்த ஆடி மாசம் அப்பத்தா போயிருச்சு. ஊருக்கு வந்து நெய்ப்பந்தம் பிடிச்சேன், அழுதேன். அப்போகூட கேசட்டு ஞாபகத்துக்கு வரல. 16 வருஷத்துக்கு மேல வரல.

சிங்கம்புணரி ரோட்டோரத்துல, ஒரு பாட்டுல இல்லாத ஒரு இழுப்பு, அதைக் கொண்டாந்து என் மடியில போட்டுச்சு.

சரி, இது எப்படி நடக்குதுன்னு முதல்ல பார்ப்போம். ஏன்னா உங்கள்ல பாதிப்பேர் "முருகன் திருவிளையாடல்"னு உடனே சொல்லிருவீங்க. கொஞ்சம் பொறுங்க.

அமெரிக்காவுல பெட்ர் ஜனாட்டான்னு ஒரு ஆராய்ச்சியாளர். 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டார். மாணவர்களை மூளை ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு, அவங்க சின்ன வயசுல வந்த பாட்டுகளைத் துண்டு துண்டாப் போட்டுக் காட்டினார். தன் வாழ்க்கையோட சம்பந்தப்பட்ட பாட்டு வரும்போது நெத்திக்குப் பின்னாடி, நடுவுல இருக்கிற ஒரு பகுதி சுறுசுறுப்பாகுது. பாட்டையும் ஞாபகத்தையும் உணர்ச்சியையும் ஒண்ணா முடிச்சுப் போடுற இடம் மாதிரி அது வேலை செய்யுது. ஞாபக மறதி நோய் வரும்போது மூளையில கடைசியாத் தேயுற இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

இங்கிலாந்துல கிளைவ் வேரிங்னு ஒரு இசைக்கலைஞர். 1985ல மூளைக் காய்ச்சல் வந்து ஞாபகம் ஏறக்குறைய அத்தனையும் போயிருச்சு. அரை நிமிஷத்துக்கு முன்னாடி நடந்தது தெரியாது. மனைவி அறையை விட்டு வெளிய போயிட்டு வந்தா, வருஷக்கணக்காப் பார்க்காதவர் மாதிரி கட்டிப்பிடிப்பார். ஆனா பியானோ முன்னாடி உட்கார வச்சா வாசிப்பார். பாடகர் குழுவை நிறுத்தினா கை காட்டி நடத்துவார். 'என்ன நடந்துச்சு'ங்கிற ஞாபகம் வேற, 'எப்படிச் செய்யணும்'ங்கிற ஞாபகம் வேற. பாட்டு ரெண்டாவதுலயும் வேர் விட்டிருக்கும். அதான் முதல் வீடு இடிஞ்சாலும் அது நிக்குது. எங்க அப்பத்தா என் பேரை மறந்து பாட்டை மறக்காததுக்கு இதான் காரணம். என்மேல பாசம் இல்லாம இல்ல.

நம்ம பெரியவங்க இதை வேற வழியில தெரிஞ்சு வச்சிருந்தாங்கன்னு எனக்குத் தோணுது. காவடி தூக்கி நடக்கிறவனுக்குன்னே ஒரு பாட்டு வகை இருக்கு பாருங்க, காவடிச் சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல பாடினது. காலடிக்குத் தக்கன சந்தம் விழும். மண்டை களைச்சுப்போனாலும் கால் பாட்டைச் சொல்லும். குன்னக்குடி வைத்தியநாதனும் இசையால மனசும் உடம்பும் தேறும்னு நம்பி, ராகங்களை ஆராய்ச்சி பண்ண ஒரு மையமே நடத்தினார்.

எங்க ஊர்க்காரங்க கொண்டுவிக்கப் போன இடமெல்லாம், பர்மா, மலேயா, சிங்கப்பூர்னு, முதல்ல தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினாங்க. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859ல வந்தது. கூடவே காவடியும் போச்சு, பாட்டும் போச்சு. வீட்டைப் பெட்டியில வச்சுக் கொண்டுபோக முடியாது. பாட்டை நாக்குல வச்சுக் கொண்டுபோகலாம்.

பழைய வார்த்தை ஒண்ணு இருக்கு: வாசனை. சாமான் காலியான பிறகும் பாத்திரத்துல நிக்குதே, அது. பெருங்காய டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் மூடியைத் திறந்தா வரும். அனுபவம் போனாலும் மனசுல அது தங்குறதையும் நாம 'வாசனை'ன்னுதான் சொல்றோம். விட்டகுறை தொட்டகுறைன்னு சொல்றதும் கிட்டத்தட்ட இதான்.

ஆக, மூளையில என்ன நடக்குதுன்னு ஓரளவுக்குத் தெரியும். அப்புறம் என்ன கேள்வி? தம்பி கேட்டதுதான் கேள்வி. அப்படி வர்ற கண்ணீருக்கு என்ன மதிப்பு? அது பக்தியா, வெறும் மூளை முடிச்சா?

ரெண்டு பேரோட கதையைச் சொல்றேன்.

முதல் ஆள் துஷ்யந்தன். காளிதாசனோட சாகுந்தலத்துல ஐந்தாவது அங்கம். ராஜா அரண்மனையில உட்கார்ந்திருக்கான். சாபத்தால சகுந்தலையைச் சுத்தமா மறந்துட்டான். உள்ள அந்தப்புரத்துல ஹம்ஸபதிகான்னு ஒரு ராணி பாடுறா. பாட்டைக் கேட்டதும் ராஜாவுக்கு மனசு என்னமோ பண்ணுது. பிரிஞ்சவங்க யாரும் இல்லையே, ஏன் இப்படி ஏங்குதுன்னு யோசிக்கிறான். முன்ஜென்மத்துப் பாசம் ஏதாவது மனசுக்கு அடியில கிடக்குதோன்னு நினைச்சுக்கிறான். எவ்வளவு அழகான யோசனை! அதோட விட்டுட்டான். கொஞ்ச நேரத்துல நிஜமான சகுந்தலை வயித்துல பிள்ளையோட வாசல்ல வந்து நிக்கிறா. "உன்னை யாருன்னே தெரியாது"ங்கிறான்.

பாட்டு தன் வேலையைச் செஞ்சிருச்சு. 'நீ எதையோ மறந்திருக்கே'ன்னு அவனை உலுக்குச்சு. அவன் அந்த ஏக்கத்தை ரசிச்சான், தேடல. மறந்தது சாபத்தோட குத்தம், அதை அவன்மேல போட முடியாது. ஆனா உலுக்கினதுக்கு அப்புறமும் உட்கார்ந்தே இருந்தது?

ரெண்டாவது ஆள் நிஜமா வாழ்ந்தவர். வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. 19ஆம் நூற்றாண்டு. நீதிமன்ற வேலையில இருந்து, பின்னாடி முன்சீப் ஆனவர். இன்னைக்கு நாம யூடியூபைத் திறந்தா வர்ற திருப்புகழ், அந்தக் காலத்துல பெரும்பாலும் ஓலைச்சுவடியிலயும் அங்கங்க சில பேர் வாயிலயும்தான் இருந்துச்சு. அருணகிரிநாதர் பாடி நானூறு வருஷம் ஆகி, சிதறிக் கிடந்துச்சு. ஒரு வழக்குல சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு திருப்புகழ்ப் பாட்டை ஆதாரமா எடுத்துக் காட்டினாங்க. ஒரே ஒரு பாட்டு. அதோட சந்தம் பிள்ளையைப் பிடிச்சுக்கிச்சு. "இப்படி இன்னும் எத்தனை கிடக்கோ"ன்னு கிளம்பிட்டார். உத்தியோகம் பார்த்துக்கிட்டே ஊர் ஊராச் சுவடி தேடினார். 1894ல முதல் பாகம் அச்சுல வந்துச்சு. அவருக்கு அப்புறம் அவர் மகன் செங்கல்வராய பிள்ளை உரையே எழுதினார். இன்னைக்கு ஏறத்தாழ 1,300 பாட்டு நம்ம கையில இருக்குன்னா, ஒரு மனுஷன் ஒரு பாட்டைக் கேட்டுட்டுச் சும்மா இருக்காததால.

துஷ்யந்தனுக்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரிதான் நடந்துச்சு. ஒரு பாட்டு வந்து தொட்டுச்சு. தொட்டதுல வித்தியாசம் இல்ல, அதுக்கப்புறம் செஞ்சதுல வித்தியாசம்.

இதை எழுதும்போது எனக்குச் சுலபமா இருக்கு. அன்னைக்கு ரோட்டுல அப்படி இல்ல. அழுதேன். பக்கத்துல ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "முருகன் உனக்குள்ள இறங்கிட்டான்ப்பா"ன்னாங்க. எனக்குக் கூசிப்போச்சு. அதே சமயம், உண்மையைச் சொல்றேன், ஒரு நிமிஷம் சுகமாவும் இருந்துச்சு. 'ஆமா, முருகன்தான் இந்தப் பாட்டைப் போடச் சொல்லியிருக்கான். என்னை மன்னிச்சிட்டான். அப்பத்தாவே வந்து சொன்ன மாதிரி'ன்னு மனசு வேகவேகமாக் கணக்கை முடிக்கப் பார்த்துச்சு.

அங்கதான் நின்னேன். ஏமாந்தது அப்பத்தா. மன்னிப்பை நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டுக்கிட்டா, அது இன்னொரு பொய். 'டேப்பு சரியாயிருச்சு'ங்கிற பொய். முருகன் பேரை அதுக்கு இழுக்கக் கூடாதுன்னு பட்டுச்சு. லாரியில ஒருத்தர் பென்டிரைவ் செருகினார், பாட்டு வந்துச்சு. எனக்கு அவ்வளவு தெரிஞ்சாப் போதும். அவன் அனுப்பினானா இல்லையான்னு அவனுக்குத்தான் தெரியும். வந்த கடுதாசிக்கு நான் பதில் எழுதணும், அது என் வேலை.

பழனி போய் மலையேறி ராஜ அலங்காரம் பார்த்துட்டு ஊருக்குத் திரும்பினேன். முதல் வேலையாப் பரண். பரணே இல்ல. அஞ்சு வருஷம் முன்னாடி ஓட்டைப் பிரிச்சுத் தளம் போட்டாச்சு. பழைய சாமான் எல்லாம் எடைக்குப் போயிருச்சு.

அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிரவே இல்ல.

"கேசட்டு காணாமப் போனது தெரியும். நீதான் எடுத்தேன்னும் ஒரு நினைப்பு. பரீட்சை நேரம், போகட்டும்னு விட்டுட்டேன். என் தப்பும்தான்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க அப்பத்தா அதுக்காகப் பாடாம இருக்கலையே. நீ வெளக்கப் போட்டுக்கிட்டுப் படிக்க உக்காந்தப்புறம், அவுக பின்கட்டுல உக்காந்து மெதுவாப் பாடுவாக. அந்த இழுக்குற இடத்துல அவுகளும் இழுப்பாக. சிரிப்பா வரும். நீ கேக்கலையா?"

நான் கேக்கல. காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படிச்சவன் நான்.

இதுல எனக்கு ரெண்டு விஷயம் புரிஞ்சது. ஒண்ணு, பாட்டு கொண்டு வர்ற ஞாபகம் முழு உண்மைன்னு எடுத்துக்கக் கூடாது. உணர்ச்சி அவ்வளவு பலமா வர்றதால, 'இதான் நடந்துச்சு'ன்னு சத்தியம் பண்ணத் தோணும். என் ஞாபகத்துல அப்பத்தா ஒன்றரை மாசம் பாட்டே இல்லாமக் கிடந்துச்சு. அம்மா ஞாபகத்துல அது பாடிக்கிட்டு இருந்துச்சு. நாம தனியா வச்சிருக்கிறது பாதிக் கேசட்டு. மிச்சம் இன்னொருத்தர்கிட்ட இருக்கும். போய்க் கேக்கணும்.

ரெண்டாவது, அம்மா சொன்னது எனக்கு ஆறுதலா, இல்ல இன்னும் பாரமா? இன்னைக்கு வரைக்கும் சொல்லத் தெரியல. பாட்டை அதுகிட்ட இருந்து என்னால பிடுங்க முடியலங்கிறது ஆறுதல். பத்தடி தூரத்துல பாடினதை நான் கேக்கவே இல்லங்கிறது பாரம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிக்கல.

அப்பத்தாவுக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடலாம், விடுறேன். ஆனா எங்க தெருவுலயே ஒரு தாத்தா இருக்காரு. அதே மாதிரி ஞாபகம் தப்பினவர். மாசம் ரெண்டு தடவை ஊருக்கு வரும்போது அவர் வீட்டுக்குப் போறேன். முதல் தடவை என் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டேன். சும்மா இருந்தார். அவர் மகள்கிட்ட, "ஐயா சின்ன வயசுல என்னக்கா கேப்பாரு?"ன்னு விசாரிச்சேன். சீர்காழி கோவிந்தராஜன்னா உயிரு, வாலிபத்துல திருவிழாக் கச்சேரின்னா சைக்கிள்லயே கிளம்பிருவாருன்னாங்க. அடுத்த தடவை சீர்காழி குரல் வந்ததும், வேட்டி முனையைப் பிடிச்சிருந்த விரல் தாளம் போட ஆரம்பிச்சது. மகள் அடுப்படியில இருந்து ஓடிவந்து பார்த்தாங்க.

சினிமா மாதிரி அவர் எந்திரிச்சு எல்லார் பேரையும் சொல்லிரல. அப்படி எதையும் எதிர்பார்க்காதீங்க. சில நாள், "நிப்பாட்டு"ன்னு கோவப்படுவார். நிப்பாட்டிருவேன். ஒருநாள் ஒரு பாட்டுக்கு விம்மி விம்மி அழுதார். செத்துப்போன மனைவிக்குப் பிடிச்ச பாட்டாம். தொடர்ந்து போடலாமா, இன்னொருத்தர் துக்கத்தைக் கிளறுற உரிமை எனக்கு யாரு கொடுத்தான்னு அன்னைக்கு முழுக்க யோசிச்சேன். மகள்தான் சொன்னாங்க, "அம்மாவை மறந்துட்டாருன்னு நெனச்சு நாங்க அழுதோம் தம்பி. மறக்கலைன்னு தெரிஞ்சதே போதும்." அதுக்காக அந்தப் பாட்டைத் தினமும் போடுறதில்ல. அவரா கை காட்டிக் கேட்டாப் போடுறோம்.

வீட்டுல வயசானவங்க இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு நாலு வார்த்தை. அவங்க பதினஞ்சு வயசுல இருந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள என்ன பாட்டு கேட்டாங்கன்னு இப்பவே கேட்டு எழுதி வைங்க. அந்த வயசுப் பாட்டுதான் ஆழமாப் பதியும்னு ஆராய்ச்சியும் சொல்லுது. சத்தத்தைக் குறைச்சு வைங்க. டிவியை அமத்துங்க. பாட்டைப் போட்டுட்டுப் போனைப் பார்க்காம, அவங்க முகத்தைப் பாருங்க. சிரமப்பட்டா நிறுத்திருங்க. முடிஞ்சா அவங்களே பாடுறதை ரிக்கார்ட் பண்ணி வைங்க. சுருதி சேராட்டாலும் பரவாயில்ல. அப்பத்தா அந்த இழுப்போட பாடினதைக் கேக்க இன்னைக்கு நான் என்ன வேணா கொடுப்பேன்.

இப்ப அந்தத் தம்பிக்கு. பழனி அடிவாரத்துல பிரியும்போது உன் கேள்விக்கு நான் பதில் சொல்லல. இதை நீ படிப்பேன்னு நினைக்கிறேன்.

நீ யாரையும் ஏமாத்தலப்பா. முருகனை உனக்குக் காட்டினதே உங்க தாத்தாதானே? அவர் குரல்லயும் அவர் வேட்டி வாசத்துலயும்தான் அவன் உன்கிட்ட வந்தான். ரெண்டையும் பிரிச்சு, இது தாத்தாவுக்கு, இது சாமிக்குன்னு கண்ணீரைப் பங்கு போட முடியாது. அதனால அழு, தப்பில்ல. ஆனா அழுதது மட்டும் பக்தி ஆயிராது. துஷ்யந்தனும் ஏங்கினான். கண்ணீர் காஞ்சதுக்கு அப்புறம் நீ எந்திரிச்சு எங்க போறங்கிறதுலதான் அது பக்தியா இல்லையான்னு தெரியும். எனக்குத் தெரிஞ்ச அளவுல இதான் பதில்.

பாட்டி மட்டும்தான் இருக்காங்கன்னு சொன்னேல்ல? இன்னைக்குச் சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரம் அவங்க பக்கத்துல போய் உக்காரு. தாத்தா போட்ட பாட்டுல எது பிடிக்கும்னு கேட்டுப் போடு. அவங்க கூடப் பாடினா, குறுக்க பேசாமக் கேளு.

நானும் அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். தெருத் தாத்தா வீட்டுல மருதமலைப் பாட்டை இதுவரைக்கும் நான் போட்டதில்ல. தைரியம் வரல. இந்தத் தடவை போடலாம்னு இருக்கேன். அந்த இடம் வரும்போது பாட்டு இழுக்காது. நான் கொஞ்சம் இழுத்துப் பாடிக்குவேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!